ஜி மேஜர் மினுயெற்: மெற்றோனோமை எத்தினையிலை வைக்கிறது?

கோண்டாவில்_கீபோர்ட்:
அன்னா மக்டலேனா (பாக்கின்ரை மனைவி) கொப்பியிலை வாற ஜி மேஜர் மினுயெற் (மூண்டு எண்ணிக்கை ஆட்ட இசை), பாக் எழுதினது. ஒரு புத்தகத்திலை ரெம்போ (நிமிசத்துக்கு மெற்றோனோம் தட்டுற எண்ணிக்கை) 104, இன்னொண்டிலை 138. எது சரி? 20ஆவது பாரிலை (மூண்டு எண்ணிக்கைக் கட்டம்) சி சார்ப் வரேக்கை கல்யாணி ராகம் மாதிரிக் கேக்குது, ஏன்? சோடியா வாற ஜி மைனர் மினுயெற்றை ஆறுதலா வாசிக்கவேணுமோ? என்னட்டை இருக்கிறது 61 கட்டைக் கீபோர்ட்.

ரூபகம்:
அது பாக்கின்ரை இல்லை. 1725ஆம் ஆண்டுக் கொப்பியிலை இதுக்கு ஆற்றை பேரும் எழுதியிருக்கேல்லை. டிரெஸ்டன் ஓர்கன்காரர் கிறிஸ்ரியான் பெற்சோல்ட்டின்ரை எண்டு 1970களிலைதான் தெரியவந்தது.

ரெம்போவும் கொப்பியிலை இல்லை, ஆட்டத்திலை பாக்கவேணும். மினுயெற்றின்ரை ஒரு அடவு ரெண்டு பார், ஆறு எண்ணிக்கை. 90க்குக் கீழை இழுத்தால் ஆடுறவர் நுனிக்காலிலை நிண்டு தள்ளாடுவார். புல்லாங்குழல்காரர் குவான்ற்ஸ் 1752இலை எழுதின கணக்கு: ஒரு நாடித்துடிப்புக்கு ரெண்டு குரோச்சற் (ஒரு எண்ணிக்கைச் சுரம்), நாடி நிமிசத்துக்கு 80. அப்ப குரோச்சற் 160! படிக்கிற கைக்கு அது கூட. 116க்கும் 126க்கும் இடையிலை வையுங்கோ, ஆட்டம் கெடாது.

80இலை தொடங்குங்கோ. முதல் 16 பாரும் சுத்தமா வந்தாப் பிறகு மெற்றோனோமை 40இலை விட்டு, ஒரு பாருக்கு ஒரு தட்டு. அது குரோச்சற் 120. முதலாம் பாரின்ரை நாலு குவேவரையும் (அரை எண்ணிக்கைச் சுரம்) ஓடிப்போய், ரெண்டாம் பாரிலை காத்துக்கொண்டு நிக்கிறதுதான் வழமையான பிழை. அது அப்ப உடனை பிடிபடும்.

விரல்: 5 1 2 3 4, பிறகு 5 1 1. ரெண்டாம் பாரிலை ஜி, ஜி எண்டு பெருவிரல் குத்தும், அதைக் குறையுங்கோ. குவேவர் ஒட்டினாப்போலை, குரோச்சற் கொஞ்சம் விட்டு. ரூபக தாளத்துக்குத் தட்டு, தட்டு, வீச்சு போடுறமெல்லோ, அந்த வீச்சின்ரை இலேசு மூண்டாம் எண்ணிக்கையிலை இருக்கவேணும்.

ஐஞ்சுகட்டை:
உங்கடை காது சரி. ஜியை ஸ வைச்சால் சி சார்ப் பிரதிமத்திமம், கல்யாணிதான். ஆனால் 24ஆவது பாரிலை பாட்டு டியிலை வந்து இருக்குது. அதாவது பஞ்சமம் ஸ ஆகிட்டுது. டியிலையிருந்து பாத்தால் திரும்பவும் சங்கராபரணம். அந்தப் பாரிலையே இடக்கையிலை சி நச்சுரல் (சார்ப் இல்லாத சி) வந்து ஜிக்குத் திருப்புது. சி சார்ப்பை அழுத்திக் காட்டாதேங்கோ, 24இன்ரை டிக்கு இறங்கவிடுங்கோ.

ஜி மைனரை இழுக்காதேங்கோ. மைனர் எண்டால் சோகம் எண்ட எண்ணம் பிறகு வந்து ஊறினது. ஜேர்மன் இசை எழுத்தாளர் மற்றெசோன் 1713இலை ஜி மைனரைக் கிட்டத்தட்ட எல்லாத்திலையும் அழகான சுருதி எண்டார். நிதானமும் துடிப்பும் கலந்ததாம். ரெண்டும் ஒரே வேகம். மேஜர், மைனர், பிறகு மேஜரைத் திருப்பி.

வயலின்_பிள்ளை:
கீபோர்ட்டிலை ஹார்ப்சிகோட் வொய்ஸ், ரச் (அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மாறுறது) ஓவ், சஸ்ரெய்ன் (சத்தத்தை நீட்டுறது) வேண்டாம். வோல்ற்ஸ் ஸ்ரைலை (கீபோர்ட் தானா அடிக்கிற தாளம்) போட்டிடாதேங்கோ, ஒவ்வொரு பாரிலையும் முதல் அடியை இடிச்சு ரெண்டு பார் அடவைக் கொண்டுபோடும். 61 கட்டைக்குள்ளை முழுக்க அடங்கும்.

கோண்டாவில்_கீபோர்ட்:
40இலை வைச்சுப் பாத்தன். 8ஆம் பாரிலை இடக்கை பிந்துது.

ரூபகம்:
டியிலையிருந்து ஒரு ஸ்தாயி கீழை பாயிற இடம். 1, 5 விரலாலை அந்த ரெண்டு டியையும் மட்டும் பத்துத்தரம் பாக்காமல் தொடுங்கோ. 24இலையும் அதே பாய்ச்சல்தான்.