புவிண்டி காட்டுக்குப் போகிறவர்கள் போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள்

உகாண்டாவில் கொரில்லா பார்க்க நினைக்கிறவர்கள் எங்களிடம் முதலில் விசாரிப்பது பெர்மிட் விலையைத்தான். வெளிநாட்டவருக்கு 800 டாலர். பக்கத்து ருவாண்டாவில் 1500. கேட்டதும் யாருக்கும் தலை சுற்றும். நானும் மனைவியும் ரொம்ப நாள் யோசித்துவிட்டுத்தான் போனோம். இப்போது அந்தச் செலவைப் பற்றி எங்களுக்குத் துளி வருத்தம் கிடையாது.

நாங்கள் போனது நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் புவிண்டி தேசியப் பூங்கா, ருஷாகா பக்கம். தலைநகர் கம்பாலாவிலிருந்து காரில் பகல் முழுவதும் ஆகிவிடும். கபாலே நகரம் தாண்டினால் ஒரு மலைச்சரிவு விடாமல் உருளைக்கிழங்கும் பீன்ஸும் பயிரிட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு வளைவில் வயல் முடிகிறது, அடுத்த அடியே காடு. ஊரும் காடும் இவ்வளவு ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தபோதுதான் அந்த 800 டாலர் எதற்கு என்பது புரியத் தொடங்கியது.

ஒரு கொரில்லா குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு 8 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் ஒரு மணி நேரம். முகக்கவசம் கட்டாயம். இருமல் சளி இருந்தால் அனுமதி இல்லை. நமக்கு வரும் சாதாரணச் சளி அவற்றின் நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. விடியும்போதே தடம் பார்ப்பவர்கள் முந்தின நாள் ராத்திரி கொரில்லாக்கள் படுத்திருந்த இடத்துக்குப் போய், அங்கிருந்து தடம் பிடித்து, வயர்லெஸ்ஸில் சொல்கிறார்கள்.

ஏற்றம் சும்மா இல்லை. பாதை என்று ஒன்று கிடையாது. கால் வைத்த இடத்தில் கொடிகள் மெத்தை போல அமுங்குகின்றன, கீழே மண் இருக்கிறதா என்றே தெரியாது. என் பையைச் சுமந்து வந்த போர்ட்டர் மேலே நின்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவருடைய அப்பா காலத்தில் மானுக்காக இதே காட்டில் கண்ணி வைப்பார்களாம், அதில் சில சமயம் கொரில்லாவின் கையும் மாட்டுமாம். இவர் மகள் படிப்பது போர்ட்டர் கூலியில்.

கொரில்லாக்கள் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போர்ட்டர்கள் நின்றுவிடுகிறார்கள். பைகளையும் கைத்தடிகளையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் மட்டும் போனோம். முதலில் வந்தது வாடை, பழைய வியர்வை போல ஒரு நெடி. அப்புறம் செடிகளுக்கு நடுவே வெள்ளி முதுகுத் தலைவன், முதுகு முடி வெளுத்த பெரிய ஆண் கொரில்லா. ஒரு தண்டை முறித்து, பல்லால் தோலை உரித்து, உள்ளே இருந்த மெதுவான தண்டுச்சோற்றை மட்டும் தின்றுகொண்டிருந்தது. அவசரமே இல்லை. ரேஞ்சர் தொண்டையைச் செருமுவது போல ஒரு உறுமல் கொடுத்தார், அதுவும் அதே மாதிரி பதில் கொடுத்தது. தாயின் முதுகில் இருந்த குட்டி எங்களைப் பார்க்க இறங்கியது, தாய் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டது. என் மனைவி அழுதுவிட்டாள். எங்களோடு வந்த ஒரு ஜெர்மன் பெரியவர் கேமராவை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தபடியே இருந்தார்.

2019இல் வெளியான கணக்குப்படி உலகில் மலைக் கொரில்லாக்கள் 1063. மிக அருகிவிட்ட இனம் என்ற நிலையிலிருந்து ஒரு படி மீண்டிருக்கின்றன. 2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது என்ன ஆனது தெரியுமா? அந்த ஜூன் மாதம் ரஃபிக்கி என்ற வெள்ளி முதுகு கொரில்லாவை, வேட்டைக்கு வந்த ஒருவர் ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டார். ஆட்கள் வராவிட்டால் காட்டோரத்துக் கிராமங்களில் வருமானமும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு எவ்வளவு தெம்பு இருந்தாலும் போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கூலி 20 டாலர் அளவுக்குத்தான் வரும், பணம் நேராக அவர் கைக்குப் போகிறது.

மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதீர்கள். பேன்ட்டை நீளமான சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், கடிக்கும் எறும்பு ஏராளம். செடிகள் சுணைக்கும், தோட்ட வேலைக் கையுறை போதும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991இல் இது தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக இந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு இன்றும் சொந்த நிலம் இல்லை. அவர்கள் ஆடிப் பாடும் நிகழ்ச்சியையும் பயணத்தில் சேர்த்துத் தருவார்கள். கட்டும் பணத்தில் ஆடுகிறவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று முன்பே கேளுங்கள். நாங்கள் கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. அந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு, பட்வா பெண்கள் முடைந்த கூடைகளை அவர்களிடமே வாங்கிக்கொண்டோம்.