அமெரிக்காவில் அந்தந்த ஊர் பேங்குகள் தங்கள் பெயரில் முன்பு வெளியிட்ட நேஷனல் பேங்க் நோட்டு கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

பழுப்புமுத்திரை:
1929 வரிசை, பழுப்பு முத்திரை, மேலே 'நேஷனல் கரன்சி' என்ற எழுத்து. இதை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். அதே வரிசையில் ஃபெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி அமைப்பு) பேங்குகள் வெளியிட்ட நோட்டிலும் இந்த மூன்றும் உண்டு. வரிசை எண்ணில் (சீரியல் நம்பர்) எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பாருங்கள்: நேஷனலில் 6 இலக்கம், மற்றதில் 8. ஓரங்களில் கறுப்பில் நிற்பது சார்ட்டர் எண்ணா (ஒவ்வொரு நேஷனல் பேங்குக்கும் அரசு கொடுத்த பதிவு எண்), ஒற்றை எழுத்தா? எழுத்து என்றால் ஃபெடரல்தான். பெரும்பாலும் சாதாரண விலை.

தாள்பித்தன்:
அண்ணன் சொன்னதோடு ரகத்தையும் பிரித்துவிடுங்கள்; 1929 நேஷனலில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு ரகம். டைப் 1-இல் சார்ட்டர் எண் கறுப்பில் 2 இடத்தில் மட்டும். வரிசை எண்ணின் முன்னும் பின்னும் எழுத்து. ஒரே அச்சுத் தாளில் சேர்ந்து வரும் 6 நோட்டுக்கும் எண் ஒன்றே, முன்னெழுத்துதான் ஏ முதல் எஃப் வரை மாறும். 1933-இல் வந்த டைப் 2-இல் பழுப்பில் மேலும் 2 இடத்தில் சார்ட்டர் எண். கடைசி எழுத்து கிடையாது. இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

லென்ஸ்கண்:
கைவைப்பது பெரும்பாலும் ஊர்ப் பெயரில். 1929 நோட்டில் பேங்க் பெயர் பிறகு கறுப்பில் ஏற்றிய அச்சு. அதைச் சுரண்டி அரிய ஊரைப் போடுவார்கள். 10 மடங்கு லென்ஸில், சாய்வான வெளிச்சத்தில், சுரண்டிய இடத்தில் நார் எழும்பி நிற்கும். சார்ட்டர் எண் அந்த பேங்குக்கு உரியதா, அந்த பேங்க் அவ்வளவு நோட்டு வெளியிட்டதா என்று பட்டியலில் ஒத்துப்பாருங்கள்.
1902 வரிசைப் பெரிய அளவு நோட்டில் இன்னொரு வம்பு: மங்கிப்போன பேங்க் அதிகாரி கையெழுத்தின் மேல் புது மையில் எழுதிவிடுவது. மங்கலாகவே விட்டிருந்தால் நல்ல விலை போயிருக்கும். கழுவி அழுத்திய தாளும் அப்படித்தான், அச்சின் மேடு தட்டையாகிவிடும். முகப்பில் உள்ள தேதி அச்சிட்ட தேதி இல்லை, அதை நம்பி வயது சொல்லாதீர்கள்.

தாள்பித்தன்:
அப்போ விலை?

பழுப்புமுத்திரை:
ஊரும் பேங்கும்தான் தம்பி. சான்பிரான்சிஸ்கோ பேங்க் ஆஃப் அமெரிக்கா, சார்ட்டர் 13044: தாராளமாகக் கிடைக்கும். இதற்குத் தரம்தான் விலை; நடுமடிப்பு ஒன்று விழுந்தாலே இறங்கும். ஒரு சின்ன ஊர் பேங்கில் மொத்தமே 2, 3 நோட்டுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் மூலை கிழிந்ததையும் போட்டிபோட்டு எடுப்பார்கள். மாநிலம் ஆகும் முன் டெரிட்டரி (ஆட்சிப்பகுதி) என்று அச்சான அரிசோனா நோட்டு, அலாஸ்கா நோட்டு எல்லாம் தனிக் கணக்கு. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். அதே சார்ட்டர், அதே ரகம் ஏலத்தில் என்ன விலைக்கு முடிந்தது என்று பாருங்கள்.

லென்ஸ்கண்:
அதுவரை பிவிசி உறையில் போடாதீர்கள். மைலார் (ஒருவகை பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறை போதும்.