ரிப்ளை 1988: தொக்சன் கை சேர வேண்டியது யாரிடம்?

நிலாமுற்றம்:
போன வாரம் இங்கே 'ரிப்ளை 1988' கொரியத் தொடரில் பார்க் போ-கம் நடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கறுப்புவெள்ளை, "ஜங்ஹ்வானுக்கு அந்த முடிவு வரவேண்டியதுதான்" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாளாக அது என் மனதைக் குடைகிறது, அதனால்தான் தனி இழை தொடங்குகிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் மாப்பிள்ளை என்பதிலிருந்துதான் பேச்சே.

பார்த்து நாளானவர்களுக்குக் கொஞ்சம் நினைவூட்டல். சியோலில் சாங்முன்-தோங் என்ற பகுதியில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள், ஒரே வயதில் ஐந்து சிநேகிதர்கள். அதில் தொக்சன் (ஹ்யேரி) ஒருத்திதான் பெண். ஜங்ஹ்வான் (ரியூ ஜுன்-யோல்) அவளுக்கு மேல்வீட்டுப் பையன். தேக் (பார்க் போ-கம்) பள்ளிக்கூடம் போகாமல் பாதுக் (கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் பலகை ஆட்டம்) ஆட்டத்தில் நாட்டுக்கே பெயர் வாங்கித் தருகிற பையன். இரண்டு பேருக்கும் அவள் மேல் ஆசை. கடைசியில் தேக்குதான் கணவன்.

என் கேள்வி இதுதான். முதல் பாதி முழுக்க நாம் யார் கண் வழியாகப் பார்த்தோம்? ஜங்ஹ்வான் கண் வழியாகத்தானே? பேருந்து நெரிசலில் அவளை யாரும் இடித்துவிடக்கூடாது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கையாலேயே அணை கட்டி நிற்கிறான். மழை பெய்கிற இரவில் படிப்பகத்திலிருந்து அவள் வரும்வரை காத்திருந்து குடையைக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிறான். இவ்வளவையும் நம்மிடம் காட்டி நம் மனதில் அவனை உட்கார வைத்துவிட்டு, 18ஆம் பாகத்தில் அவனை ஒரே அடியாக ஓரம் கட்டிவிட்டார்கள். அதற்கு அப்புறம் இரண்டு பாகங்களில் அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. இது ஒரு பாத்திரத்துக்குச் செய்கிற நியாயமா?

கறுப்புவெள்ளை:
நான் சொன்னது கொஞ்சம் கடுமையாகப் பட்டிருந்தால் மன்னியுங்கள், ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் சொன்ன இரண்டு காட்சிகளையும் திரும்ப ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அது எல்லாம் நமக்குத் தெரிந்தது, தொக்சனுக்கு எவ்வளவு தெரிந்தது? அவள் யார்? அக்கா போராவுக்கும் தம்பி நோஎலுக்கும் நடுவில் பிறந்தவள். முதல் பாகத்திலேயே அடுப்புக்கரி வாயு வீட்டுக்குள் பரவுகிறபோது பெற்றவர்கள் அக்காவையும் தம்பியையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள், இவளை மறந்துவிடுகிறார்கள், இவள் தானாகத் தவழ்ந்து வெளியே வருகிறாள். பிறந்தநாள்கூட அக்காவின் பிறந்தநாளோடு சேர்த்துத்தான், அதே கேக்தான். முட்டைப் பொரியல் அவர்களுக்கு, இவளுக்கு இல்லை. பிறந்ததிலிருந்தே யாருடைய கண்ணிலும் முதலில் படாத ஒரு பெண்ணுக்கு, கண்ணுக்கே தெரியாத ஒரு காதலால் என்ன பயன்?

தேக் என்ன செய்தான்? முதல் பனி விழுந்த அன்று தொலைபேசியை எடுத்து, சினிமாவுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டான். அவ்வளவுதான். அந்த ஒரு அழைப்பு எத்தனை பெரிய விஷயம் என்பது தொக்சன் மாதிரி வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும், நானும் வீட்டில் நடுப்பிள்ளை.

நிலாமுற்றம்:
நடுப்பிள்ளை வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதே அளவுகோலை ஜங்ஹ்வானுக்கும் வையுங்களேன். அவன் அண்ணன் ஜங்போங்குக்கு இதயக் கோளாறு. அந்த வீட்டில் எல்லாக் கவலையும் அண்ணனைச் சுற்றித்தான். எனக்கு இது வேண்டும் என்று கேட்காமல் இருப்பதுதான் அம்மாவுக்கு உதவி என்று நினைத்து வளர்ந்த பையன் அவன். அண்ணனால் ஆக முடியாத விமானியாகத் தான் ஆக வேண்டும் என்று விமானப்படைக்கே போனான். தன் வாழ்க்கையையே இன்னொருவருக்காகத் தேர்ந்தெடுக்கிறவன், காதலில் மட்டும் எனக்குத்தான் வேண்டும் என்று எப்படி முந்திக்கொண்டு போவான்?

ரியூ ஜுன்-யோல் அதை நடித்த விதம் இருக்கிறதே, பெரும்பாலும் வசனமே கிடையாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார், ஒரு நொடி உதட்டோரம் மட்டும் அசையும், நமக்கு எல்லாம் புரிந்துவிடும். அவருக்கு அப்போது பெரிய பெயரே இல்லை. இந்த ஒரு தொடரில் கொரியா முழுக்க அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தெருக்கோடி:
உண்மைதான், பெயரையே வைத்து ஒரு சொல் உண்டாக்கிவிட்டார்கள். "எப்படியும் புருஷன் ரியூ ஜுன்-யோல்தான்" என்பதைச் சுருக்கி அங்கே "ஓநம்ரியூ" என்றார்கள். எதிர்க்கட்சிக்கு "ஓநம்தேக்". 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடியும்வரை இரண்டு கட்சியும் ஓயவில்லை. இன்று நாம் இங்கே மல்லுக்கு நிற்பது அதன் வால்தான்.

ஆனால் நிலாமுற்றம், இதில் ஏமாந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதே இயக்குநர் ஷின் வொன்-ஹோ, அதே எழுத்தாளர் லீ வூ-ஜங், முன்னால் 'ரிப்ளை 1997', 'ரிப்ளை 1994' என்று இரண்டு தொடர் எடுத்திருந்தார்கள். இரண்டிலுமே மாப்பிள்ளை யார் என்ற புதிர், இரண்டிலுமே முதலிலிருந்து பக்கத்தில் இருந்த முரட்டுப் பையனுக்குத்தான் பெண். மூன்றாவதிலும் அப்படித்தான் என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். அப்புறம் இன்னொன்று. இன்றைய காலத்துத் தொக்சனாக லீ மி-யொன் வருவார், கணவனாக கிம் ஜூ-ஹ்யோக் (2017இல் கார் விபத்தில் இறந்துவிட்டார், நல்ல நடிகர்). அந்தக் கணவன் கிண்டலும் எரிச்சலுமாகப் பேசுவதைப் பார்த்தால் ஜங்ஹ்வான் சாயல்தான் தெரியும், மென்மையான தேக் எங்கேயும் தெரியமாட்டான். அது வேண்டுமென்றே போட்ட தூண்டில். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கறுப்புவெள்ளை:
இருபது வருஷம் தொக்சனோடு குடும்பம் நடத்தினால் யாருக்கும் பேச்சில் கிண்டல் வந்துவிடும், அதை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஒரு பையனுக்கு ஷூ நாடாகூடச் சரியாகக் கட்டத் தெரியாது, தூக்க மாத்திரை இல்லாமல் தூக்கம் வராது, அவன் வளர்ந்து வீட்டில் சகஜமாகச் சண்டை போடுகிற ஆளாக ஆனான் என்றால் அது அவனுக்குக் கிடைத்த நிம்மதி.

நிலாமுற்றம், உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. விட்டுக்கொடுத்தது ஜங்ஹ்வான் மட்டும் இல்லை. தேக் தன் ஆசையைச் சொன்னது தெரிந்து ஜங்ஹ்வான் ஒதுங்கினான், சரி. அதேபோல ஜங்ஹ்வான் பணப்பையில் தொக்சனோடு எடுத்த புகைப்படத்தைத் தேக் பார்த்துவிடுகிறான், பார்த்ததும் அவளோடு போகவிருந்த சினிமாவை ரத்து செய்கிறான். இரண்டு பேரும் சிநேகிதனுக்காக ஒருமுறை பின்வாங்கினார்கள். வித்தியாசம் அடுத்து வருகிறது. கதையில் 1994ஆம் வருஷம் ஒரு கச்சேரி வாசலில் தொக்சன் தனியாக நிற்கிறாள். ஜங்ஹ்வான் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான், சிக்னல் சிக்னலாக மாட்டிக்கொள்கிறான். போய்ச் சேரும்போது தேக் அங்கே நிற்கிறான், ஆட வேண்டிய ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். பாதுக் தவிர வேறெதுவும் தெரியாதவன், அந்த ஆட்டத்தை விடுகிறான். அது சாதாரணமா?

அப்போது ஜங்ஹ்வானே மனதுக்குள் ஒத்துக்கொள்கிறான்: தடுத்தது சிக்னல் இல்லை, விதி இல்லை, தான் தயங்கிய அத்தனை தடவைகளும்தான் என்று. அவனே ஒத்துக்கொண்டதை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

சுந்தரி அம்மா:
பிள்ளைகளா, நானும் ஒன்று சொல்லலாமா. எனக்கு வயது ஐம்பத்தெட்டு, மகள்தான் இதைப் பார்க்க வைத்தாள். முதல் பாகத்தில் அந்தப் பெண் அழுது தீர்த்த பிறகு, அப்பா (சங் தொங்-இல்) சின்னக் கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு சந்தில் அவளோடு உட்காருகிறார். நானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, எனக்கும் இது முதல் தடவைதான், தெரியாமல் செய்துவிட்டேன் என்கிறார். கொரிய மொழியிலும் அப்பாவுக்கு அப்பா என்றுதான் சொல்கிறார்கள். திரையில் கீழே வருகிற எழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தச் சொல் நேராகக் காதில் விழுந்தது. நான் பொலபொலவென்று அழுதுவிட்டேன், எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் என்னிடம் வந்து உட்கார்ந்ததில்லை.

எனக்கு ஜங்ஹ்வானும் வேண்டாம் தேக்கும் வேண்டாம், ஜங்ஹ்வானின் அம்மா ரா மி-ரான் போதும். கடவுச்சீட்டில் இருக்கிற ஆங்கில எழுத்தை வாசி என்று மகன் கேட்கும்போது, அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதுடா என்று சொல்கிற இடத்தில் அந்தம்மா முகம். அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிற மகனின் முகம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வராது.

நிலாமுற்றம்:
அம்மா, அந்தக் காட்சியை நீங்கள் சொன்னதும் எனக்கு மறுபடி கண் கலங்கிவிட்டது. நான் சொல்ல வருவதும் அதுதான். அவனுடைய அன்பெல்லாம் அப்படிப்பட்டது, சொல்லத் தெரியாத அன்பு. விமானப்படை மோதிரத்தை அவள் முன்னால் வைத்து மனதில் இருந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் சிநேகிதர்கள் பக்கம் திரும்பி, போதுமா என்கிறான். விளையாட்டாம். அந்தக் காட்சியில் தொக்சன் முகத்தில் என்ன இருந்தது? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஹ்யேரி அதில் நன்றாக நடித்திருக்கிறார், ஆனால் என்ன நினைக்கிறாள் என்று கதை நமக்குச் சொல்லவே இல்லை.

தெருக்கோடி:
இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். நான் முதலிலிருந்து சொல்ல நினைத்தது இதைத்தான். ஜங்ஹ்வானுக்கு அநியாயம் நடந்ததா, தேக்குக்கு நியாயம் நடந்ததா என்று பேசுகிறோம். உண்மையான அநியாயம் தொக்சனுக்குத்தான் நடந்தது. மாப்பிள்ளை யார் என்ற புதிரைக் கடைசிவரை இழுக்க வேண்டும் என்றால் அவள் மனதை மூடித்தான் வைக்க வேண்டும், மூடி வைத்தார்கள். இரண்டு பையன்களின் மூச்சுக்கூட நமக்குத் தெரியும், அவளுக்கு யாரைப் பிடிக்கும் என்பது மட்டும் தெரியாது. கடைசி பாகம் கேபிள் தொலைக்காட்சியில் 18.8 சதவீதம் பேர் பார்த்தது அந்தப் புதிரால்தான் என்றால், அதற்கு விலை கொடுத்தது கதாநாயகி.

கறுப்புவெள்ளை:
தெருக்கோடி அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுக்க மூடவில்லை. அந்த ஐந்து பேரில் இன்னொருவனான தொங்ரியோங் அவளிடம் பேசுகிற இடத்தை மறந்துவிட்டீர்களா? அவள் முதலில் ஐந்தாவது சிநேகிதன் சன்வூவைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தாள், ஏன்? அவனுக்கு இவளைப் பிடிக்கும் என்று தோழிகள் சொன்னதால். அப்புறம் ஜங்ஹ்வான், அதுவும் அவனுக்கு இவளைப் பிடிக்கும் என்று அவர்கள் சொன்னதால். அப்போது தொங்ரியோங் கேட்கிறான்: உன்னை யாருக்குப் பிடிக்கும் என்பதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும்? யாருடைய கண்ணிலும் படாதவள், தன்னைப் பார்த்தவர்களை எல்லாம் பதிலுக்குப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவள் தானாகத் தேட ஆரம்பிக்கிறாள். அதற்கு அப்புறம் அவள் பார்வை போவதெல்லாம் தேக் பக்கம்தான்.

முன்னாலேயே தடயம் உண்டு. பெய்ஜிங் போட்டிக்குத் தேக்குக்குத் துணையாக அவள்தான் போகிறாள். ஊரே தலையில் தூக்கி வைத்திருக்கிற பையன் வெளியூரில் சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பதை அவள்தான் பார்க்கிறாள், ஓடி ஓடி எல்லாவற்றையும் சரிசெய்கிறாள். பள்ளியில் 999ஆவது ரேங்க் வாங்குகிற பெண், அங்கே அவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறாள். ஜங்ஹ்வான் பக்கத்தில் அவள் எப்போதும் கிண்டலுக்கு ஆளாகிறவள். தேக் பக்கத்தில் அவள் தேவைப்படுகிறவள்.

நிலாமுற்றம்:
இல்லை, இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேவைப்படுவது வேறு, காதல் வேறு. அந்த வீட்டிலும் அவள் எல்லாருக்கும் தேவைப்படுகிறவள்தானே, அதுதானே அவளுக்குச் சுமை? சிறுவயதிலிருந்து பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய பையனையே கட்டிக்கொண்டால், அவளை யார் பார்த்துக்கொள்வது?

அவள் ஜங்ஹ்வானிடம், தோழிகள் ஏற்பாடு செய்த பையனைச் சந்திக்கப் போகட்டுமா என்று கேட்டது நினைவிருக்கிறதா? போகாதே என்று அவன் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததே. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மலர்ச்சி பொய்யா?

கறுப்புவெள்ளை:
பொய் இல்லை. பதினெட்டு வயதில் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது என்று நானும் நம்புகிறேன். ஆனால் அதற்கு அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கடந்துபோனாள். ஐந்து வருஷம் கழித்து அவள் விமானப் பணிப்பெண்ணாகத் தன் காலில் நிற்கும்போது வேறொருவனைப் பிடிக்கிறது. அதற்கு அவளுக்கு உரிமை இல்லையா?

அவளை யார் பார்த்துக்கொள்வது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் கச்சேரி வாசல்தான் பதில். அன்று பார்த்துக்கொள்ள வந்தவன் தேக்.

சுந்தரி அம்மா:
கண்ணுகளா, இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாதீர்கள். நிலாம்மா, நீ ஆறாம் பாகத்தை மட்டும் எனக்காக இன்னொரு தரம் பார். சன்வூவுக்குத் தன் மேல் இல்லை, அக்கா மேல்தான் ஆசை என்று அன்றுதான் அவளுக்குத் தெரிகிறது. பனி விழுகிற ராத்திரி அது. பையன்கள் யாரையும் பார்க்காதே, அவளை மட்டும் பார்.

நிலாமுற்றம்:
பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் அம்மா, இப்போது மணி ஒன்றரை. அன்று அவளுக்கு வந்தது ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான் என்பது எனக்கு இத்தனை நாளாக மனதில் பதியவே இல்லை. நான் அந்த இடத்தில் ஜங்ஹ்வான் என்ன ஆனான் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தேடியிருக்கிறேன்.

கறுப்புவெள்ளை, மாப்பிள்ளை விஷயத்தில் நான் இன்னும் ஜங்ஹ்வான் கட்சிதான். ஆனால் "வரவேண்டியதுதான்" என்ற அந்த வார்த்தையை நீங்கள் எடுத்துவிடுங்கள், "கூப்பிட்டவனிடம் போனாள்" என்று எழுதுங்கள், அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

கறுப்புவெள்ளை:
எடுத்துவிட்டேன். போன வாரப் பதிவிலும் போய் மாற்றிவிட்டேன்.