கல்லூரித் தலைவராக இருந்தவர் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய் என்ன செய்ய முடியும்?

கேள்வி:
டெக்சாஸில் எங்கள் பகுதி கம்யூனிட்டி கல்லூரிக்கு (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) பல வருடம் தலைவராக இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டு, இப்போது மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடுகிறார். மாதச் சம்பளம் 600 டாலர்தானாம். கல்லூரியில் அவர் சொன்னால் காரியம் நடக்கும். அங்கே 150 பேரில் ஒருவராக உட்கார்ந்து என்ன சாதிக்கப் போகிறார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
நிறைய செய்யலாம். நான் டெக்சாஸில் வேறொரு கம்யூனிட்டி கல்லூரியின் நிதிப் பிரிவில் இருந்தவள். எங்கள் தலைவர் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போய்ச் சட்டமன்றக் குழுவின் முன் பேசுவதற்கான கணக்குகளை நான்தான் தயார் செய்வேன். பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். தடித்த கோப்பு முழுவதையும் ஒரே தாளுக்குள் சுருக்கி, நர்சிங் வகுப்புக் கணக்கை முதல் வரியில் வைக்கச் சொல்வார். காரணம் உண்டு. வரலாற்று வகுப்பில் ஒரே ஆசிரியர் எத்தனை பேருக்கும் பாடம் எடுக்கலாம். மருத்துவமனைப் பயிற்சியில் பொதுவாக ஓர் ஆசிரியருக்குப் பத்து மாணவர்களுக்கு மேல் கூடாது. அதனால் நர்சிங்கில் ஒவ்வொரு இடத்துக்கும் செலவு எகிறும். இதைக் கேட்கும் உறுப்பினர்களில் பலருக்கு ஒரு கல்லூரியின் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அது தெரிந்த ஒருவர் இருந்தால், அவர் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு மாநிலம் பணம் தரும் முறையை மாற்றி 2023இல் வந்த எச்.பி. 8 (ஹவுஸ் பில் 8) சட்டத்தையும் பாருங்கள். அதற்கு முன் மாநிலப் பணம் பெரும்பாலும் மாணவர்கள் வகுப்பில் இருந்த மணிக்கணக்கை வைத்து வந்தது. இப்போது எத்தனை பேர் வேலைக்கு உதவும் சான்றிதழ் பெற்றார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள் என்பதெல்லாம் கணக்கு. பகுதி நேரமாக, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தாய்மார்களை இந்தக் கணக்கு எங்கே தவறவிடும் என்பது கல்லூரியை நடத்தியவருக்கு உடனே புரியும்.

பதில் 2:
அனுபவம் சரி, ஆனால் அதைப் பயன்படுத்த இடம் வேண்டுமே. சபை வழக்கமாகக் கூடுவதே ஒற்றைப்படை வருடங்களில் அதிகபட்சம் 140 நாள். யார் எந்தக் குழுவில் என்பது பெரும்பாலும் சபாநாயகர் கையில். புதியவர் விருப்பத்தை எழுதித் தரலாம், அவ்வளவுதான். நிதி ஒதுக்கீடு, உயர்கல்வி இரண்டு குழுக்களிலும் இடம் கிடைக்காவிட்டால் அவர் அறிந்தது வெளியே வராமலே போகும். டெக்சாஸில் நமக்குத் தெரிந்த பெரிய பெயர்கள் எதிர்த்திசையில் போனவர்கள். ஜான் ஷார்ப் சட்டமன்றம், மாநில நிதிக் கணக்கர் பதவி எல்லாம் பார்த்துவிட்டு, 2011இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பின் வேந்தர், அதாவது நிர்வாகத் தலைவர் ஆனார். கென்ட் ஹான்ஸும் மாநில செனட், அமெரிக்க காங்கிரஸ் என்று இருந்துவிட்டு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக அமைப்புக்கு வேந்தராகப் போனார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி மேடம், நன்றி சார். அடுத்த வாரம் அவர் இங்கே கூட்டம் போடுகிறார். என்ன கேட்கலாம்?

பதில் 1:
குழு விஷயத்தில் மேலே சொன்னது உண்மைதான். ஆனால் குழுவில் இல்லாத உறுப்பினரும் சபையில் திருத்தம் கொண்டுவரலாம், பக்கத்து இருக்கைக்காரரிடம் கணக்கை விளக்கலாம். எங்கள் தலைவர் அப்படி ஒருவரைத் தேடித்தான் ஆஸ்டினில் ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டினார். கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் குழுக்களுக்கு விருப்பம் எழுதித் தருவீர்கள்? எச்.பி. 8 கணக்கில் முதலில் எந்த அம்சத்தை மாற்றுவீர்கள்? இரண்டாவதுக்கு "கல்விக்குப் பாடுபடுவேன்" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள், மறுபடி கேளுங்கள். வரிக்கு வரி சொல்லத் தெரிந்தவர் அவர்.