புதுப்பிப்பு: மோசின்-நாகாந்த் எண் குழப்பம் தீர்ந்தது

சேகரிப்பாளர்களுக்கென விற்கப்பட்ட 1943இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்யப்பட்ட மோசின்-நாகாந்த் 91/30 என்ற சோவியத் ராணுவத் துப்பாக்கியில், குழலின் வரிசை எண்ணும் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எண்ணும் ஒன்றாக இருந்தும் பொறித்த விதம் வேறுபட்டதால், அது போலியோ என்று முன்பு ஐயம் எழுப்பியிருந்தேன். பிசுபிசுத்த பாதுகாப்புக் கிரீஸைத் துடைத்தெடுத்த பின் விடை கிடைத்தது.

போருக்குப் பின் சோவியத் ஆயுதக் கிடங்குகள் இத்துப்பாக்கிகளைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, வேறொன்றிலிருந்து வந்த போல்ட்டில் பழைய எண்ணை அழித்துக் குழலின் எண்ணையே பொறித்து, மரக்கட்டைக்கு ஷெல்லாக் என்ற அரக்கு மெருகு பூசிச் சேமித்து வைத்தன. குழலிலுள்ள குறுக்குக்கோடிட்ட சிறு சதுர முத்திரை அதற்குச் சான்று.

ரிசீவரின் (குழலின் பின்னால் போல்ட் இயங்கும் உலோகக் கூடு) இடப்புறத்தில், அடைத்துத் தேய்த்துச் சமன்செய்யப்பட்ட இரண்டு துளைகளும் தென்பட்டன. ஒருகாலத்தில் பி.யு. என்ற சோவியத் குறிபார்க்கும் தொலைநோக்கியைத் தாங்கிய ஸ்னைப்பர் துப்பாக்கி என்பதற்கான அடையாளம் அது. விற்றவர் கவனிக்கவில்லை போலும். விலையில் அது சேரவில்லை.