22 நம்பர் ஃபிளைல ட்ரவுட் கடிக்குமா?

காரைக்குடிக்காரன், கண்மாய்ல மண்புழு கோத்து கெளுத்தி புடிச்ச கை. அடுத்த மாசம் ஊட்டிப்பக்கம் அவலாஞ்சிக்கு ட்ரவுட் (குளுந்த தண்ணி மீன்) புடிக்கப் போறேன், மச்சான் 22 நம்பர் டிரை ஃபிளை (பூச்சி மாதிரி கட்டுன, தண்ணி மேல மிதக்குற தூண்டிமுள்ளு) ரெண்டு குடுத்திருக்காரு, கொசு அளவுகூட இல்ல, இதப்போயி மீன் கடிக்குமா?

பதில்: கடிக்கும்ணே. நம்பர் கூடக்கூட முள்ளு சின்னது. தண்ணி மேல மிதக்குற பொடிப்பூச்சிய ட்ரவுட் பொறுக்கித் திங்கும். நுனில 7எக்ஸ்ங்குற மெல்லிசு நரம்பு போடுங்க, தடிமன் 0.10 மி.மீ. தான், தடிச்சதா இருந்தா ஃபிளை இழுபட்டு ஓடும், மீன் திரும்பியும் பாக்காது.

பதில்: விராலுக்கு இழுக்குறாப்ல வெடுக்குன்னு இழுத்துறாதீங்க, அறுந்துரும்! ராடை மெதுவா தூக்குனா போதும். அங்க மீன் புடிக்க பர்மிட்டும் கேட்டுக்கங்க.

கேட்டவர்: அதுவரைக்கும் இங்க ஊரணில பழகலாமா?

பதில்: குடிதண்ணி ஊரணின்னா ஊரே சேந்து அடிக்கும் ஹாஹா. கண்மாய்ல பழகுங்க, கெண்டைக்குஞ்சு கொத்தும். ட்ரவுட்டுக்கு தண்ணி 20 டிகிரி தாண்டுனாலே ஆகாது, நம்ம வெயிலுக்கு கொழம்பாயிரும்.