பத்தா, பதினொன்றா? – கீழ் டிவிசன் குடும்பக் குழு

சனிக்கிழமை, மாலை 6:41

சுமதி: ஹட்டன் கடையிலிருந்து போன் வந்தது. கவினின் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்எஸ்டி (வேகமான ஹார்ட் டிஸ்க்) போட்டாயிற்றாம். இப்போது எந்த விண்டோஸ் என்று கேட்கிறார். 10-க்கு இனி அப்டேட் இல்லையாம். 11 போடவா, பழைய 7 போடவா என்கிறார். திங்கள் காலைக்குள் சொல்ல வேண்டும். கவின் 11 என்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஹட்டன் பெரியம்மா: திருவிழா வரி கட்டியாச்சா சுமதி? தலைவரை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். உங்கள் வீட்டைத்தான் முதலில் கேட்டார்.

வத்தளை மாமா: சுமதி அவசரப்படாதே. நான் விளக்கமாகச் சொல்கிறேன்.

சிவா (தோஹா): ஐயோ

பிரியா: தோட்டத்துக் காலைக் கூட்டம் மாதிரி பிரட்டு தொடங்கியாச்சு 😄

வத்தளை மாமா: சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். விண்டோஸ் 7 வந்தது 2009-இல். அப்படி ஒரு இலேசான சிஸ்டம் அதற்குப் பிறகு வரவே இல்லை. எங்கள் ஆபீசில் 2 ஜிபி ராமில் பன்னிரண்டு மெஷின் ஓடியது. பிறகு 8 வந்தது, அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. 2015-இல் 10. 2021 அக்டோபரில் 11. 10-உம் 11-உம் 7-ஐவிட அதிகமாக ராம் தின்னும். கேம் என்றால் என்ன? ராமும் கிராபிக்ஸ் கார்டும்தான். சிஸ்டம் தனக்கென்று எவ்வளவு குறைவாக எடுக்கிறதோ, அவ்வளவும் கேமுக்கு மிச்சம். கவினின் மெஷினில் இருப்பது 8 ஜிபி. ஆகவே பழைய மெஷினுக்குப் பழைய சிஸ்டம். என் முடிவு 7. கடைக்காரரிடம் நானே பேசவும் தயார்.

பிரியா: மாமா, 7-இல் ஸ்டீம் ஓடாது. 2024 ஜனவரி 1-ஓடு நிறுத்திவிட்டார்கள்.

வத்தளை மாமா: ஸ்டீம் என்றால்?

சிவா (தோஹா): கேம் வாங்குகிற இடம் மாமா

வத்தளை மாமா: டிவிடி வாங்கினால் போதாதா?

கவின்: இதில் டிவிடி டிரைவே இல்லை மாமா

பிரியா: குரோமும் 7-க்கு 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே கை கழுவியாச்சு. அதில் ஆன்லைனுக்குப் போவதே ஆபத்து.

வத்தளை மாமா: நான் ஒரு கருத்துதான் சொன்னேன்.

வத்தளை அத்தை: 👍

சிவா (தோஹா): 11 போடு தம்பி, யோசிக்காதே. ஆட்டோ எச்டிஆர் எல்லாம் இருக்கிறது. படம் வேற மாதிரி தெரியும்.

பிரியா: அவனுடைய மானிட்டர் 19 இஞ்ச், பாங்கில் கழித்துப் போட்டது. அதில் எங்கே எச்டிஆர்?

சிவா (தோஹா): கார்டு நான் வாங்கிக் கொடுத்தது. ஞாபகம் இருக்கட்டும்.

ஹட்டன் பெரியம்மா: எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன போன் எங்கே மகன்?

சிவா (தோஹா): 🙏

பிரியா: கார்டு நல்லதுதான். ஆனால் 1050 டிஐ 2016-இல் வந்தது. அந்தக் குடும்பத்துக் கார்டுகளுக்கு என்விடியா கம்பனி புது கேமுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை 2025 அக்டோபரோடு முடித்துவிட்டது. இனிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான், அதுவும் 2028 அக்டோபர் வரை. 11 போட்டால் கார்டு இளமையாகிவிடாது.

கவின்: அக்கா கடை அண்ணா 11-தான் ஃபாஸ்ட் என்றார்

பிரியா: உன்னுடையது ஐ5 6500. 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உன் போர்டில் இருப்பது 1.2, போன தடவை நானே திறந்து பார்த்தேன்.

கவின்: அதெல்லாம் கேட்காமல் போடலாமாம். ரூஃபஸ் என்ற டூலில் பென் டிரைவ் செய்து வைத்திருக்கிறார்.

பிரியா: போடலாம். பிறகு வேலரண்ட் திறக்காது.

கவின்: ???

பிரியா: 11-இல் அந்த கேமின் வேங்கார்ட், ஏமாற்றுவதைத் தடுக்கிற சாஃப்ட்வேர், டிபிஎம் 2.0-ஐயும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பையும் கேட்கும். இல்லையென்றால் வேன் 9001 என்று ஒரு எரர் பெட்டி வரும், அதோடு சரி. 10-இல் பொதுவாக அந்தக் கேள்வி இல்லை. இன்னொன்று, மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதை ஆன் செய்துவிடாதே. உன் ஆறாம் தலைமுறைச் சிப்பில் அது கேமை இழுத்துப் பிடிக்கும்.

சுமதி: வேலரண்ட் என்றால் என்ன? ஐசிடி (கம்ப்யூட்டர்) பாடத்தில் வருகிறதா?

சிவா (தோஹா): 😂😂😂

கவின்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிவா (தோஹா): சித்தி, போன வெள்ளி இங்கே இரவு பத்தரை. அங்கே ஒரு மணி. யாரோ ஒருவன் என்னோடு ஐசிடி படித்துக்கொண்டிருந்தான்.

சுமதி: கவின்

சுமதி: கவின் போனை எடு

கவின்: அம்மா நான் பக்கத்து அறையில்தானே இருக்கிறேன்

சுமதி: கொழுந்து கிலோ குறைந்து அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்த மாதத்தில்கூட இவனுக்கு டியூஷன் காசு நின்றதில்லை. கொரோனா நேரம் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லித்தான் அப்பா தன் ஈபிஎஃப் (சேமலாப நிதி) காசில் 45,000 எடுத்துக் கொடுத்தார். சுட்டு விளையாடவா கொடுத்தார்?

ஹட்டன் பெரியம்மா: அப்பாவின் ஈபிஎஃப் காசில் முதலில் எழும்பியது எது என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையின் கம்ப்யூட்டரைச் சொல்லி என்ன பயன்.

வத்தளை மாமா: அக்கா, அது கடன். திருப்பித் தருவதாகத்தான் வாங்கினேன்.

ஹட்டன் பெரியம்மா: நான் உன்னைச் சொன்னேனா தம்பி?

வத்தளை அத்தை: 🙂

பிரியா: 10-க்குப் போவோமா, பத்தாம் நம்பருக்கு

இரவு 7:35

தாத்தா: 🎤 குரல் பதிவு

சுமதி: அப்பா கேட்கிறார், பெட்டியை அழித்தால் முரளி போய்விடுவானா என்று

வத்தளை மாமா: எந்த முரளி?

கவின்: கிரிக்கெட் 07 மாமா. தாத்தாவும் நானும் விளையாடுவது. அதில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும்தான் உண்மையான பெயர். நம் ஆட்களுக்கு ஏதேதோ பெயர் போட்டிருப்பார்கள். நான் பேட்ச் போட்டு முரளிதரன் என்று சரியாக ஏற்றி வைத்திருக்கிறேன். தாத்தா அவரை மட்டும்தான் பந்து போட விடுவார். ஐம்பது ஓவரும் அவரே போட முடியாது என்று சொன்னால் கோபம் வரும்.

தாத்தா: 🎤 குரல் பதிவு

சுமதி: 800 விக்கெட் எடுத்தவனுக்குப் பத்து ஓவர்தானா என்கிறார்

பிரியா: 😍 தாத்தா சொல்வதுதான் இருப்பதிலேயே முக்கியம். கவின், அந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது? பழைய ஹார்ட் டிஸ்கிலா?

கவின்: ஆமா சி டிரைவில். சேவ் எல்லாம் டாக்குமெண்ட்ஸில்

பிரியா: அப்படியானால் பழைய ஹார்டை ஃபார்மெட் செய்ய வேண்டாம் என்று இன்றைக்கே கடைக்குச் சொல். விண்டோஸ் எதுவாக இருந்தாலும் அது இரண்டாவது. அந்தக் கேம் 2006-இல் வந்தது. அந்தக் காலத்துக் கேமுக்கு வேண்டிய டைரக்ட்எக்ஸ் 9 ஃபைல்களைத் தனியாகப் போட்டுக்கொள். அந்தக் காலத்து டிவிடி கேம் சிலது காப்பி எடுக்க விடாத சேஃப்டிஸ்க் பூட்டோடு வந்தவை, அவை 10-இலும் ஓடாது, 11-இலும் ஓடாது. உன்னுடையது இவ்வளவு நாள் 10-இல்தானே ஓடியது, அதனால் பயமில்லை.

வத்தளை மாமா: 10-க்கு அப்டேட் நின்றுவிட்டதே. 7-ஐ ஆபத்து என்றாய், இது மட்டும் ஆபத்தில்லையா?

பிரியா: நல்ல கேள்வி மாமா. 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது வழக்கமான அப்டேட். ஈஎஸ்யூ என்று இன்னொன்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் கணக்கோடு உள்ளே போய் செட்டிங்ஸ் பேக்அப்பை ஆன் செய்தால் காசில்லை. இல்லையென்றால் 30 டொலர்.

சுமதி: அப்டேட் என்று சொல்லிச் சொல்லித்தான் போன மாதம் 20-ஆம் திகதிக்கே டேட்டா முடிந்தது.

பிரியா: வைஃபையை மீட்டர்ட் என்று மாற்றச் சொல்லுங்கள் சித்தி, பெரும்பாலானதைத் தானாக இறக்காது. கேமை இரவு டேட்டாவில் இறக்கட்டும்.

சுமதி: இரவில் இனி ஒன்றும் இறக்க மாட்டான்.

ஹட்டன் பெரியம்மா: இங்கே மழை பிடித்துவிட்டது. அங்கே எப்படி? கரண்டு இருக்கிறதா?

சுமதி: இருக்கிறது. மேல் லயத்து வீடுகளில் இல்லை.

வத்தளை மாமா: சரி, அக்டோபருக்குப் பிறகு? அப்போது என்ன செய்வான்?

சிவா (தோஹா): அதற்குள் நான் புது மெஷின் அனுப்புகிறேன்

ஹட்டன் பெரியம்மா: போனோடு சேர்த்தா?

பிரியா: இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். காசில்லை, பழைய மெஷினில் நன்றாகப் போகும். ஸ்டீம் கேம் நிறைய புரோட்டான் என்ற டூல் வழியாக ஓடும். வேலரண்ட் மட்டும் ஓடாது.

சுமதி: எது ஓடாது?

பிரியா: வேலரண்ட்

சுமதி: அதையே போடச் சொல்.

கவின்: அம்மா!!!

சிவா (தோஹா): 😂😂 செத்தான்

கவின்: ஐசிடிக்கு விண்டோஸ்தான் வேண்டும் அம்மா. டீச்சரே சொன்னாங்க

பிரியா: சித்தி, இப்போதைக்கு 10. பழைய ஹார்டில் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் கடைக்குச் சொல்ல வேண்டும்.

வத்தளை மாமா: லினக்ஸைப் பற்றித் தெரியாமல் பேசக் கூடாது. 1991-இல் பின்லாந்தில் ஒரு மாணவர் தொடங்கியது. விரிவாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

ஹட்டன் பெரியம்மா: நாளை ஞாயிறு, கடை பூட்டு. திங்கள் காலை நானே போகிறேன். பத்து என்றுதானே சொல்ல வேண்டும்?

கவின் அப்பா: இப்போதுதான் போனைப் பார்த்தேன். வரும் வழியில் கடைக்குப் போனேன். எது நல்லதோ அதைப் போடுங்கள் என்று சொல்லிக் காசும் கட்டிவிட்டு வந்தேன்.

பிரியா: சித்தப்பா!!

கவின்: 🤦

வத்தளை மாமா: மச்சான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே

கவின் அப்பா: பழைய ஹார்டைத் தூக்கிப் போடவா என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது, என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

தாத்தா: 🎤 குரல் பதிவு

சுமதி: கவின், கடை நம்பரை இங்கே போடு. சீக்கிரம்.